இயந்திரமறிந்து எண்ணெய் வார்த்தல்

எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்துக் காட்டுமாறு வகுப்பிலே கேட்டால், எள் + நெய் என்று மாணவர் உடனே விடை பகர்வர். முதலிலே எள்ளின் நெய்க்கு மட்டும் உரியதாயிருந்த அப்பெயர், பின்னர் தேங்காய்க்கும் வேம்புக்கும் இலுப்பைக்கும் ஆமணக்குக்கும் பொதுவாயிற்று. ஈற்றிலே நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்படும் பொருளையும் மண்ணெண்ணெய் என்று அழைக்கத் தலைப்பட்டோம். எள்ளுக்கும் மண்ணுக்கும் என்ன உறவென்று மொழி வினாவுவதில்லை. நெகிழ்ச்சியும் வழுக்கும் தன்மையும் உடையன யாவும் எண்ணெய் என்று அது பொதுமை கண்டுவிட்டது. சொல்லளவில் இப்பொதுமை குற்றமன்று. ஆனால், 'எல்லாம் எண்ணெய்தானே' என்று அப்பொதுமையை ஒரு மோட்டார்க் காரின் இயந்திரத்துக்குள்ளும் கொண்டுபோய் ஊற்றினால் என்ன நேரும் என்பதை அண்மையிலே நேரிற் கண்டேன்.

இலக்கண நூலோடு காலங்கழிக்கும் ஒருவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். நடந்ததைக் கேட்டபின் அவர்களே விடை காண்பார்கள்.

சென்ற பங்குனி மாதத்தில், என் தமக்கையாரை வைத்தியரிடம் காட்டுவதற்காகக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு வாடகைக் கார் ஒன்றிலே புறப்பட்டேன். சாரதி, என்னிடம் தமிழ் படித்த இளைஞன். சிறிய யப்பான் கார். அதற்கு மாதந்தோறும் தவணைப்பணம் கட்டி வருகிறான். முறிகண்டிப் பிள்ளையார் முன்றலிலே நிறுத்தி, வழக்கம்போலக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏ-9 வீதி வழியே சென்றோம். மாங்குளத்தைக் கடந்து கனகராயன்குளத்தை அணுகியபோது காரின் முன்பலகையிலே சிவப்பு விளக்கொன்று தோன்றியது. "ஐயா, சூடு ஏறிப்போச்சுது" என்று அவன் வண்டியை ஓரங்கட்டினான். மூடியைத் தூக்கியதும் ஆவி குபீரென்று எழுந்தது. பின்னாலே வந்த வான் ஒன்றிலே இடம் கேட்டு நானும் தமக்கையாரும் வவுனியா சேர்ந்தோம். காரோ, உழவு இயந்திரம் ஒன்றின் பின்னாலே கயிறு கட்டி இழுக்கப்பட்டுத் திரும்பிற்று.

மறுநாள் கராஜுக்குச் சென்று பார்த்தேன். எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கும் கோலை மெக்கானிக் உருவிக் காட்டினார். அதிலே எண்ணெய் இல்லை. மோரைப்போல வெளுத்த ஒரு குழம்பு இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் சேரா என்பது நம் பழமொழி. சேராத அவ்விரண்டும் அங்கே சேர்ந்திருந்தன. இயந்திரத்தின் தலைப்பாகத்துக்கும் உடற்பாகத்துக்கும் இடையே இருந்த தகடு வெப்பத்தால் வெந்து வழிவிட்டமையே காரணம். பிறகு அவர் றேடியேற்றரின் குழாய் ஒன்றை அறுத்துக் காட்டினார். கேத்தலின் அடியிலே படியும் வெண்ணிறச் சுண்ணப்படிவு அதனுள்ளே ஏறக்குறைய முழுதும் அடைத்திருந்தது.

"தம்பி, இதுக்குள்ளை என்ன தண்ணி விட்டனீர்?" என்று மெக்கானிக் கேட்டார். "வீட்டுக் கிணத்துத் தண்ணி" என்றான் அவன். "ஒயில்?" "இருவது ஐம்பது. தடிச்ச ஒயில்தான் எஞ்சினுக்கு நல்லதெண்டு அப்பா சொன்னவர்." மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல், எண்ணெய் வார்க்கும் துளையின் மூடியைத் திருகிக் கழற்றி என் கையிலே தந்தார். அதன்மேலே '0டபிள்யூ-20' என்று பொறித்திருந்தது. அந்த இளைஞன் அதனை நூறு தடவை திருகியிருப்பான். படிப்பிக்கும் தொழிலையுடைய எனக்கோ அவ்வெழுத்துகளின் பொருள் தெரியவில்லை.

அவனுடைய தந்தையாரும் அங்கே வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஒரு காலத்திலே இப்பகுதியிலே பெயர் பெற்ற வாடகைக் கார்ச் சாரதி. ஒருபுறமாக நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "பண்டிதர், என்ரை ஒஸ்டின் அந்தக் காலத்திலை ஒரு நாளும் வழியிலை நிண்டதில்லை. கிணத்துத் தண்ணியும் தடிச்ச ஒயிலும்தான். அதைத்தான் இவனுக்கும் சொல்லிக் குடுத்தன். நான் படிப்பிச்சது பிழையோ?" என்றார். அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் மெக்கானிக்கிடமும் நூல்களிடமும் கேட்டறிந்த விடையே இக்கட்டுரை.

முதியவர் சொன்ன 'அந்தக் காலம்' எதுவென வன்னி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளைய தலைமுறையினர் பொருட்டுச் சில சொல்லுகிறேன். 1990ஆம் ஆண்டு தொடங்கி, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் பாதை திறக்கும்வரை, இப்பகுதிக்கு எரிபொருள் வருவது பெரிதும் தடைப்பட்டிருந்தது. பெற்றோல் மருந்தைப்போலத் துளிக்கணக்கில் எண்ணிப் பயன்படுத்தப்பட்டது. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலிலே வைத்திருக்கும் பெற்றோலைச் சிறிது ஊட்டி இயந்திரத்தை முதலிலே இயக்குவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகையும் மண்ணெண்ணெய் நாற்றமும் தெருவெங்கும் பரவும். எனினும், பிரசவ வேதனையுற்ற பெண்ணும் பாம்பு தீண்டிய கமக்காரனும் வைத்தியசாலை சேர்ந்தது அந்தப் புகையின் நடுவேதான்.

இது நம்மவரே கண்டுபிடித்த விந்தையன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் இங்கிலாந்திலே பல உழவு இயந்திரங்கள் பெற்றோலிலே புறப்பட்டு, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எண்ணெயிலே ஓடுமாறே அமைக்கப்பட்டிருந்தன. பெயர்பெற்ற பெர்குசன் உழவு இயந்திரத்திலும் அத்தகைய வகையொன்று இருந்தது. நம் சாரதிமார் செய்தது, உழவு இயந்திரத்துக்குரிய அந்த முறையை 1940களிலும் 1950களிலும் பிறந்த கார்களுக்கு ஏற்றியது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரும், அக்காலத்து ஒஸ்டின் ஏ-40 கார்களும் அதனைத் தாங்கிக்கொண்டன. காரணம், அவற்றின் இயந்திரங்கள் எரிவாயுக் கலவையை ஏழிலொரு பங்களவுக்கே நெருக்கி எரித்தன. இக்காலத்துச் சிறிய யப்பான் இயந்திரங்கள் பத்திலொரு பங்கு, சில அதனினும் மிகுதியாக நெருக்குகின்றன. அவற்றிலே மண்ணெண்ணெயை ஊற்றினால், அது காலமறியாமல் வெடித்து இயந்திரத்தைத் தாக்கும்.

இனி, தடித்த எண்ணெய் அக்காலத்துக்கு ஏன் பொருந்திற்று என்பதைப் பார்ப்போம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல விரைந்து ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டரின் சுவர்வழியே வடிந்து, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, அடித்தொட்டியிலுள்ள எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். நாளடைவில் எண்ணெய் நீர்த்துப்போகும். தொடக்கத்திலேயே தடித்த எண்ணெயை வார்த்தால், நீர்த்த பின்னும் அதிலே சிறிது பிடிப்பு எஞ்சியிருக்கும். மேலும், பல ஆண்டு ஓடித் தேய்ந்த அந்த இயந்திரங்களிலே உறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி அகன்றிருந்தது. அவ்விடைவெளியை நிரப்பவும் தடித்த எண்ணெயே வேண்டும். ஆதலின் முதியவர் கையாண்டது மூடவழக்கமன்று. தம் வண்டியையும் தம் காலத்தையும் நன்கு அறிந்த ஒருவரின் தீர்மானம்.

அவ்வண்டிகள் பலவற்றின் முடிவையும் நாம் அறிவோம். 2009ஆம் ஆண்டு வைகாசியிலே முள்ளிவாய்க்காலிலே கைவிடப்பட்ட வாகனங்கள் பின்னர் மலைபோலக் குவிக்கப்பட்டுத் துருவேறிக் கிடந்தன. வண்டிகள் போயின; அவற்றுக்கென்று ஏற்பட்ட விதிகள் மாத்திரம் நம் நாவிலே எஞ்சின. அவ்விதிகளையே புதிய வண்டிகளுக்கும் ஓதிக்கொண்டிருக்கிறோம். கனகராயன்குளத்திலே நின்ற காரின் கதை இதுதான்.

அப்படியானால் புதிய வண்டிக்கு எண்ணெயைத் தெரிவது எங்ஙனம்? 'மருந்து' என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மருத்துவன் எண்ண வேண்டியவை மூன்றென்கிறார்: நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம். எஞ்சினுக்கும் இம்மூன்றே அளவுகோல். இன்ன இயந்திரம், அது எவ்வளவு தேய்ந்தது, எத்தகைய வெப்பத்திலும் புழுதியிலும் ஓடுவது என்பவற்றை எண்ணியே எண்ணெய் தெரிதல் வேண்டும்.

எண்ணெயின் தொழில் வழுக்கச் செய்வது மட்டுமன்று. உரசும் இரு உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று அவை ஒன்றையொன்று தொடாமற் காக்கிறது, வெப்பத்தை வாங்கிச் செல்கிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள்ளே ஏந்திக்கொள்கிறது, துருவைத் தடுக்கிறது. நம் முன்னோர் வண்டி அச்சுக்கு வைக்கோற் கரியையும் ஆமணக்கெண்ணெயையும் குழைத்து மசகிட்டனர். அம்மசகு என்னும் சொல்லே இன்று நம் பத்திரிகைகளிலே 'மசகு எண்ணெய்' எனச் சுத்திகரியாத நில எண்ணெயைக் குறித்து நிற்கிறது. ஆமணக்கும் மோட்டார் உலகத்துக்குப் புறம்பானதன்று. 'காஸ்ட்ரோல்' என்னும் பெயர், ஆமணக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து 1909இலே பிறந்தது.

எண்ணெய்ப் போத்தலின்மேல் இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது தடிப்பளவு. அமெரிக்க மோட்டார் எந்திரவியலாளர் சங்கம் 1911இலே தொடக்கிய எஸ்.ஏ.ஈ. வகுப்புமுறை அது. '20டபிள்யூ-50' என்பதிலே 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரிலே எண்ணெய் எவ்வளவு எளிதாக அசையும் என்பதைக் காட்டுவது. எண் குறையக் குறைய அசைவு எளிது. பின்னுள்ள எண், இயந்திரம் சூடேறி 100 பாகை செல்சியசிலே நிற்கும்போது எண்ணெய் எவ்வளவு தடிப்புடையது என்பதைக் காட்டுவது; எண் கூடத் தடிப்புக் கூடும். ஆகவே 0டபிள்யூ-20 என்பது நீர்போல எளிதில் ஓடும் மெல்லிய எண்ணெய். 20டபிள்யூ-50, சூட்டிலே அதனைப்போல ஏறக்குறைய இருமடங்கு தடிப்புடையது.

'எங்கள் ஊரிலே பனி பெய்து உறைவதில்லையே. முதலெண்ணைப் பற்றி நமக்கென்ன கவலை?' என்று கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்வியே. ஆனால் வன்னியின் காலைப்பொழுதும் ஓடும் எஞ்சினுக்குக் குளிர்தான். இரவு முழுதும் நின்ற இயந்திரத்திலே எண்ணெயெல்லாம் அடியிலே வடிந்திருக்கும். திறப்பைத் திருகியதும் அது விரைந்து மேலேறினால்தான் மேலுறுப்புகள் வரட்டுத் தேய்வின்றித் தப்பும். இக்காலத்து இயந்திரங்களிலே எண்ணெய் செல்லும் வழிகள் மிக ஒடுங்கியவை. பலவற்றிலே வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைப்பதும் எண்ணெயின் அழுத்தமே. தடித்த எண்ணெய் அவ்வொடுங்கிய வழிகளிலே தயங்கிச் செல்லும். எரிபொருளும் வீணே செலவாகும். மறுதலையாக, பழைய மொறிஸ் மைனரை இன்றும் பேணி வைத்திருப்போர் புதிய மெல்லிய எண்ணெயை அதற்கு வார்த்தலும் தவறே. எண்ணெய் அழுத்தம் குறையும், கசிவும் உண்டாகும். அதற்கு 20டபிள்யூ-50 தக்கது. ஆகவே தடித்தது நன்று, மெல்லியது நன்று என்ற பொதுவிதி இல்லை.

இரண்டாவது செய்தி தரம். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் ஏ.பி.ஐ. குறியிலே 'எஸ்' என்னும் எழுத்தோடு தொடங்குபவை பெற்றோல் இயந்திரங்களுக்கு உரியன. 'சி' என்று தொடங்குபவை டீசல் இயந்திரங்களுக்கு உரியன. 'எஸ்' வரிசையிலே இரண்டாம் எழுத்து அகரவரிசையிலே பிந்தியதாயின் தரம் புதியது. 2010இலே எஸ்.என்., 2020இலே எஸ்.பி. வந்தன. மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பெரும்பாலான மோட்டார்ச் சைக்கிள்களில் கிளச்சும் அதே எண்ணெயிலேதான் தோய்ந்திருக்கும். காருக்கென்று செய்த சில மெல்லிய எண்ணெய்களிலுள்ள வழுக்குப் பொருள் கிளச்சையும் வழுக்கச் செய்துவிடும். 'ஜாஸோ எம்.ஏ.' என்னும் குறியுள்ள எண்ணெயே அவற்றுக்கு உரியது.

எவ்வெண்ணெய், எவ்வளவு, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பனவற்றை வண்டியோடு வரும் கைந்நூல் சொல்லும். செம்புழுதி வீதியிலும், நிறுத்தி நிறுத்திச் செல்லும் குறுந்தூர ஓட்டத்திலும் பயன்படும் வண்டிக்கு அக்காலவெல்லையைக் குறைக்குமாறும் அந்நூல்கள் கூறுகின்றன. வன்னியின் குடியேற்றக் கிராமங்களிலே ஓடும் வண்டிகள் பல இவ்வகையின.

இனித் தண்ணீரைப் பற்றிச் சில வார்த்தை. எரிபொருளின் வெப்பத்திலே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தணிப்பு நீரே வாங்கி வெளியேற்றுகிறது. அவ்வளவு பெரிய சுமையை ஏற்கும் நீர் தூயதாயிருத்தல் வேண்டும். நம் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். சவர்க்காரம் நுரைக்க மறுப்பதிலும், கேத்தலின் அடியிலே வெள்ளை படிவதிலும் அதனைக் காண்கிறோம். கேத்தலைச் சுரண்டலாம், றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை யார் சுரண்டுவது? பழைய ஒஸ்டினின் றேடியேற்றர் பெரியது. அதனைக் கழற்றிக் கழுவிக் கம்பியிட்டுக் குத்தி மீண்டும் பூட்டுவார்கள். இன்றைய அலுமினிய றேடியேற்றர் மிக மெல்லிய வழிகளையுடையது; வெறும் நீரும் உப்பும் அலுமினியத்தை அரிக்கவும் செய்யும்.

கூலன்ற் என்று கடைகளிலே விற்கப்படுவதன் மூலப்பொருள் எதிலீன் கிளைக்கோல். குளிர்நாடுகளிலே நீர் உறையாமற் காப்பதற்கு அது பயன்படுகிறது. நமக்கு அத்தேவை இல்லை. ஆயினும் நமக்கு வேண்டிய இரு நன்மைகள் அதிலே உண்டு. ஒன்று, அது கொதிநிலையை உயர்த்துவது. நல்ல அழுத்த மூடியின்கீழ் வெறும் நீர் ஏறக்குறைய 120 பாகையிலே கொதிக்கும். சரிபாதி கூலன்ற் கலந்த நீர் ஏறக்குறைய 129 பாகைவரை தாங்கும். மற்றது, அதிலே சேர்த்துள்ள மருந்துகள் துருவையும் அரிப்பையும் தடுப்பது. இதுவே மிகப் பெரிய நன்மை.

அம்மருந்துகள் காலத்தோடு தேய்ந்துபோவன. ஆகவே கூலன்றுக்கும் ஆயுள் உண்டு. பழைய பச்சை வகைக்கு ஏறக்குறைய இரண்டாண்டு என்பர். சேதன அமிலம் சேர்ந்த புதிய வகைகள் ஐந்தாண்டும் அதற்கு மேலும் நிற்பன. யப்பான் கார்கள் பலவற்றுக்குப் பொசுபேற்று சேர்ந்த, சிலிக்கேற்று இல்லாத வகை விதிக்கப்பட்டிருக்கிறது. நிறத்தைக் கண்டு தெரிதல் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் என்பன செய்தவர் இட்ட சாயமே. ஒருவருடைய சிவப்பு வேறு, மற்றவருடைய சிவப்பு வேறு. வகையறியாமல் இரண்டைக் கலந்தால் மருந்துகள் தம்முள் மாறுபட்டு வலிமை இழத்தலும், சில வேளைகளிலே களிபோலத் திரள்தலும் உண்டு. கலப்பதற்குரியதாக விற்கப்படுவதை வாங்கினால், பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரையே அதனோடு சேர்த்தல் வேண்டும். கலந்து விற்கப்படுவதாயின் அப்படியே வார்க்கலாம். வழியிலே நின்றுவிட்டால், இயந்திரம் ஆறியபின் கிடைத்த நீரை விட்டு ஊர் வந்து சேரலாம். வந்தபின் அதனை வெளியேற்றிவிட வேண்டும். சூடேறி நிற்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறத்தல் எக்காலத்திலும் ஆகாது. உள்ளே அடங்கிய கொதிநீர் முகத்திலே பாயும்.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை. எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்த கூலன்றை முற்றத்திலே சட்டியோடு விட்டால், குழந்தையோ நாயோ மாடோ குடித்துவிடக் கூடும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்து உயிரைப் போக்கும். கழிவெண்ணெயின் செய்தியும் அதுவே. கறையானுக்கென்று வேலித் தூணிலே பூசுவதும், கராஜின் பின்புறத்து மண்ணிலே ஊற்றுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. ஒரு கார் ஒரு தடவை கழிக்கும் எண்ணெய், ஏறக்குறைய 38 இலட்சம் லீற்றர் நன்னீரைக் கெடுக்கப் போதியதென அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கணக்கிட்டுச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே மின்நிலையச் சுற்றாடலிலே கிணறுகள் எண்ணெயால் மாசடைந்த வழக்கும், 2019இலே உயர் நீதிமன்றம் அவ்வூர் மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்ததும் நாம் மறக்கக்கூடியன அல்ல. கிணற்று நீரைக் காருக்குள் ஊற்றுவதும், காரின் எண்ணெயைக் கிணற்றுக்குள் இறங்க விடுவதும் இரண்டும் ஆகா. கழிவெண்ணெயை மூடிய கலனிலே சேர்த்து, அதனைச் சேகரிப்போரிடம் கொடுத்தலே முறை.

இவ்வளவையும் அறிந்தபின் அந்த முதியவரின் வீட்டுக்கு ஒரு மாலைப்பொழுதிலே சென்றேன். மகனுடைய காரின் இயந்திரத் தலையைத் திருத்துவதற்கு இரண்டு மாதத் தவணைப்பணம் போயிருந்தது. 2020இலே நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலே மீண்டும் தொடங்கியதாயினும், விலையும் வரியும் இளைஞர் அணுகும் உயரத்திலே இல்லை. இருக்கும் வண்டியைக் காப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

"அண்ணை, நீங்கள் படிப்பிச்சது பிழையில்லை. ஒஸ்டினுக்கு அது சரி. இந்தக் காருக்கு விதி வேறை" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் விடியக்காலமை கோலை இழுத்து ஒயில் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை, பண்டிதர். தண்ணியும் அப்பிடித்தான். இவன் மூடியைத் திறந்து எத்தினை மாசமோ!" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. முதியவர் மகனுக்குக் கொடுத்தவை இரண்டு: எதை வார்ப்பது என்பதும், வார்க்குமுன் தினந்தோறும் பார்ப்பது என்பதும். முதலாவது காலத்தோடு பழுதாயிற்று. இரண்டாவது இன்றும் பழுதில்லை. மகனோ பழுதானதைப் பிடித்துக்கொண்டு பழுதில்லாததை விட்டுவிட்டான். நாளும் தணிப்பு நீரின் மட்டத்தைப் பார்த்திருந்தால், அது குறைந்து வருவதைக் கனகராயன்குளத்துக்கு நெடுநாள் முன்னரே கண்டிருப்பான். மொழியிலும் நாம் இப்படித்தான் செய்கிறோமோ என்று எண்ணினேன். பழைய விதியை மனனஞ் செய்விக்கிறோம். அவ்விதி எவ்வழக்கைப் பார்த்துப் பிறந்தது என்று பார்க்கும் கண்ணைக் கொடுக்க மறக்கிறோம்.

அந்தக் காரின் கைந்நூல் யப்பான் மொழியிலே இருந்தது. மெக்கானிக்கின் துணையோடு வேண்டியவற்றை அறிந்து, அரைத்தாளிலே தமிழில் எழுதிக் கொடுத்தேன்: எண்ணெயின் தடிப்பளவு, தரம், கொள்ளளவு, மாற்றும் கிலோமீற்றர், கூலன்றின் வகை, அதை மாற்றும் ஆண்டு. ஏழெட்டு வரிதான். முப்பது ஆண்டுகளாக நான் எழுதியவற்றுள் இவ்வளவு உடனடியாகப் பயன்பட்டது வேறெதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். முதியவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து அதனை எழுத்துக்கூட்டி இருமுறை வாசித்தார். பின்பு பேனாவை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: 'காலையில் முதலில் கோலை இழுத்துப் பார்.'

அத்தாள் இப்போது அந்தக் காரின் கதவின் உட்புறத்திலே ஒட்டப்பட்டிருக்கிறது.